தேதி போட்ட நிச்சயம்

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்கள் நம்மில் பலருக்குப் பழக்கமானவை. கீபோர்டு மெதுவாக ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாரையும் கண்களை மூடச் சொல்வார்கள். "யாரும் பார்க்க வேண்டாம், ஆண்டவர் மட்டும் பார்க்கட்டும், கையை உயர்த்துங்கள்" என்று மேடையிலிருந்து குரல் வரும். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. பிறகு முன்னால் வரச் சொல்வார்கள். வந்தவர்கள் ஒரு ஜெபத்தை வரிவரியாகத் திருப்பிச் சொல்வார்கள். ஓர் அட்டையில் பெயர், முகவரி, தேதி எழுதிக்கொடுப்பார்கள். "இன்றைக்கு நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள், இனிமேல் சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள்.

கையை உயர்த்தியவரின் கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். அதை அளக்க நான் யார்? என் கவலையெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. முன்பின் தெரியாத ஒருவருக்கு, ஐந்து நிமிடப் பழக்கத்தில், நித்தியத்தைப் பற்றிய உறுதிமொழி தரப்படுகிறது. அதோடு, அதை மறுபடி எடுத்துப் பார்க்காதே என்ற கட்டளையும் தரப்படுகிறது. எடுத்துப் பார்க்கக் கூடாத ரசீதை எந்தக் கடைக்காரர் கொடுத்தாலும் நாம் ஒருமுறை யோசிப்போம்.

பலர் நினைப்பதுபோல் இந்த முறை அப்போஸ்தலர் காலத்தது இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தபோது மேடைக்கு முன் வரவழைத்ததாக எழுதியிருக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அப்பம் பிட்டார்கள், சொத்தை விற்றுப் பகிர்ந்தார்கள் என்றுதான் இருக்கிறது. முன்னால் அழைத்து உட்காரவைக்கும் முறையைப் பெரிய அளவில் பரப்பியவர் அமெரிக்காவின் சார்லஸ் ஃபின்னி. 1830-31 குளிர்காலத்தில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் ஊரில் அவர் நடத்திய கூட்டங்களில் முன்வரிசைப் பெஞ்சு ஒன்றைக் காலியாக விட்டார். ஆத்துமாவைப் பற்றிக் கலங்கியவர்கள் அதில் வந்து உட்கார வேண்டும். எழுப்புதல் என்பது அற்புதம் அல்ல, சரியான வழிகளைச் சரியாகக் கையாண்டால் வரும் விளைவு என்பது அவர் 1835-ல் அச்சிட்ட சொற்பொழிவுகளின் சாரம். உழுது விதைத்தால் விளைகிற மாதிரி.

எட்டே ஆண்டுகளில் இதற்கு மறுப்பு வந்துவிட்டது. பென்சில்வேனியாவில் ஜெர்மன் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஜான் வில்லியம்சன் நெவின், 1843-ல் அந்தப் பெஞ்சின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு சிறுநூல் எழுதினார். பெஞ்சுக்கு நடந்து வருவது வேறு, கிறிஸ்துவிடம் வருவது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணும்படி கூட்டத்தைப் பழக்கிவிட்டால், முதலாவதைச் செய்தவர் இரண்டாவதைத் தேடவே மாட்டார். இதுதான் நெவினின் கவலை. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். முன்னால் அழைக்கும்போது தவறாமல் சொல்லப்படும் வசனம், வாசற்படியில் நின்று தட்டும் கிறிஸ்துவைப் பற்றியது. வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்த வார்த்தை புதிதாய் வந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாய் உட்கார்ந்திருந்த லவோதிக்கேயா சபைக்குச் சொல்லப்பட்டது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம் என்று நினைத்தவர்களின் கதவு அது.

காகிதத்தில் நிச்சயம் தரும் பழக்கத்துக்கு வயது இன்னும் அதிகம். 1517-ல் டெட்சல் என்ற டொமினிக்கன் துறவி பாவத் தண்டனைக் கழிவுச் சீட்டுகளை விற்றுக்கொண்டு வந்தார். பணத்தில் ஒரு பங்கு ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்டுவதற்குப் போனது. சாக்சனி ஆட்சியாளர் தன் எல்லைக்குள் விற்கக் கூடாது என்று தடுத்ததால், விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் வரை நடந்துபோய் வாங்கி வந்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த இடத்தில், மனந்திரும்ப வேண்டிய அவசியமில்லை, சீட்டு இருக்கிறது என்ற தைரியத்தை லூத்தர் கண்டார். அவருடைய 95 வாதங்களில் 32-வது, சீட்டை வைத்துத் தன் இரட்சிப்பு உறுதி என்று நம்புகிறவரும் அப்படிக் கற்பித்தவரும் சேர்ந்தே கெடுவார்கள் என்று எச்சரிக்கிறது. சீர்திருத்த ஞாயிறுதோறும் நாம் அந்தச் சீட்டை நினைத்துச் சிரிக்கிறோம். நம் அட்டையில் விலை போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நியாயமாகச் சொன்னால், அட்டையைப் பரப்பியவர்கள் நம்மைவிட ஜாக்கிரதையாக இருந்தார்கள். பில்லி கிரகாம் 1954-ல் லண்டன் ஹாரிங்கே அரங்கில் மூன்று மாதம் பேசினார். 1956-ல் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்தார். முன்வந்தவர்களை அவருடைய குழு இரட்சிக்கப்பட்டவர்கள் என்று எண்ணாமல், விசாரிக்க வந்தவர்கள் என்றே குறித்தது. அட்டையின் வேலை, அந்த ஆளை அவர் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சபையிடம் ஒப்படைப்பது. மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பதுபோல. டோக்கனையே டிஸ்சார்ஜ் சம்மரி என்று வீட்டுக்கு எடுத்துப் போனது பின்னால் வந்த பழக்கம்.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்த ஊழியக்காரர் என் பாட்டியிடம், "அம்மா, எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டார். பாட்டி வெகுநேரம் யோசித்துவிட்டு, "கல்யாணத் தேதியே ஞாபகம் இல்லையேப்பா, ஆனா கல்யாணம் நடந்துச்சு" என்றார். வந்தவருக்கு அது பிடிக்கவில்லை.

இந்த விஷயத்தில் பழைய சபைகள் எவ்வளவு தயங்கின என்பதைப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கம் 1547-ல், தவறவே முடியாத உறுதியோடு தனக்கு அருள் கிடைத்துவிட்டது என்று எவரும் அறிய முடியாது என்றது. ஆங்கிலேயச் சீர்திருத்தக்காரர்கள் ஒரு நூற்றாண்டு கழித்து வெஸ்ட்மின்ஸ்டரில் கூடி எழுதிய விசுவாச அறிக்கை அதற்கு எதிர்த்திசையில் போனது. விசுவாசி தன் இரட்சிப்பைக் குறித்து நிச்சயம் பெறலாம் என்றது. ஆனால் அதே அதிகாரத்தில், மாய்மாலக்காரரும் பொய் நம்பிக்கையில் தங்களையே ஏமாற்றிக்கொள்ளலாம், மெய்யான விசுவாசி நெடுங்காலம் போராடிய பிறகே நிச்சயத்தை அடையலாம் என்று சேர்த்துவைத்தது. எதிரெதிர் முகாம்கள். இரண்டில் ஒன்றுகூட அந்த இடத்திலேயே கையில் எழுதிக் கொடுக்கவில்லை.

சுவிசேஷத்திலேயே இதைவிடக் கடுமையான பகுதி இருக்கிறது. மத்தேயு 7-ல் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் குடிகாரர்களோ நாத்திகர்களோ இல்லை. தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், பேய் ஓட்டியவர்கள், அற்புதம் செய்தவர்கள். எல்லாம் அவர் பெயரிலேயே செய்தார்கள். பட்டியலோடு வருகிறார்கள், அறியேன் என்ற பதிலைக் கேட்டுத் திகைக்கிறார்கள். 25-ம் அதிகாரத்தில் வலப்பக்கம் நிறுத்தப்படுகிறவர்களும் திகைக்கிறார்கள். எப்போது உமக்குச் சாப்பாடு போட்டோம் என்று அவர்கள் கேட்கிறார்கள், கணக்கே வைத்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆச்சரியம்தான். கணக்கு வைத்திருந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது, சாட்சிக் கூட்டங்களில் பட்டியல் வாசித்துப் பழகிய நமக்குக் கொஞ்சம் இடறலாகத்தான் இருக்கும்.

இந்த ஏமாற்றத்தை அருகிலிருந்து பார்த்து, வைத்தியரைப்போல் குறிப்பெடுத்தவர் ஜொனாதன் எட்வர்ட்ஸ். மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் ஊரில் சபைப் போதகர். 1734-35-ல் அவருடைய சபையில் எழுப்புதல் வந்தது. அரை வருடத்தில் 300 பேருக்குமேல் மனந்திரும்பியதாக அவரே எழுதினார், அந்தப் புத்தகம் கடல் தாண்டி லண்டனில் அச்சாகிப் புகழ் பெற்றது. ஆனால் அந்த அலை வடிந்தது எப்படி என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. 1735 ஜூன் 1 அன்று, எட்வர்ட்ஸின் உறவுமுறை மாமாவான ஜோசப் ஹாலி என்ற வணிகர், தனக்கு இரட்சிப்பு இல்லை என்ற வேதனையில் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். ஊரே உறைந்தது.

இந்தச் சாவை நான் வேண்டுமென்றேதான் இங்கே வைக்கிறேன். பொய் நிச்சயத்தை எச்சரிக்கிறேன் என்று கிளம்புகிற போதகர்கள் பலர், ஏற்கெனவே நடுங்குகிறவரை மேலும் நடுங்கவைத்துவிட்டு, கல்போல் உட்கார்ந்திருப்பவரைத் தொடாமலே போகிறார்கள். ஜான் பனியன் இதை அறிந்திருந்தார். 1678-ல் வந்த அவருடைய பயணக் கதையின் முடிவில், உண்மையான பயணி மரண ஆற்றில் பயத்தால் மூழ்கிப்போகப் பார்க்கிறான். அறியாமை என்ற பெயருள்ளவனோ, வீண் நம்பிக்கை என்ற படகோட்டியின் துணையோடு கால் நனையாமல் கரை சேர்கிறான். வாசலில் அத்தாட்சி கேட்கிறார்கள், மடியைத் தடவிப் பார்க்கிறான், ஒன்றுமில்லை. அந்தக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894-ல் வெளிவந்தது. ஆகவே, இதை வாசித்து இரவில் தூக்கம் வராதவர் பயப்பட வேண்டியதில்லை. நன்றாகத் தூங்குகிறவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

எட்வர்ட்ஸிடம் திரும்புவோம். 1740-ல் எழுப்புதல் பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டு வந்துபோன பிறகு இரண்டாவது அலை எழுந்தது, அதுவும் வடிந்தது. அன்று அழுது புலம்பியவர்களில் பலர் பழைய சண்டைக்கும் பழைய பேராசைக்கும் திரும்பிவிட்டார்கள். ஆனால் நிச்சயத்தை மட்டும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. 1746-ல் அவர் வெளியிட்ட நூல் இந்த அனுபவத்தில் பிறந்தது. அதன் இரண்டாம் பகுதிதான் இன்றைக்கும் சுடுகிறது. எவையெல்லாம் எதையும் நிரூபிக்காது என்று 12 அடையாளங்களை வரிசைப்படுத்துகிறார். உணர்ச்சி பொங்குவது, உடல் நடுங்குவது, பக்தி விஷயங்களைச் சரளமாகப் பேசுவது, திடீரென்று ஒரு வசனம் மனத்தில் வந்து இறங்குவது, ஆராதனையில் வெகுநேரம் செலவழிப்பது, வாய் நிறையத் துதிப்பது, கேட்பவர் மனதை உருக்கும்படி சாட்சி சொல்வது, தனக்கு நிச்சயம் இருக்கிறது என்று உறுதியாக நம்புவது. இவையெல்லாம் மெய் விசுவாசியிடமும் இருக்கும், போலியிடமும் இருக்கும், அதனால் சான்றாகாது என்கிறார். நம் ஊரில் ஒருவரை "ரொம்ப ஆவிக்குரியவர்" என்று நாம் சொல்வதற்கு வைத்திருக்கும் அடையாளங்களை எடுத்து இந்தப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றாம் பகுதியில் மெய்யான அடையாளங்கள் 12 சொல்கிறார். கடைசியாகவும் முதன்மையாகவும் அவர் வைத்தது வாழ்க்கை நடத்தை. நல்ல நாளில் வரும் நடத்தை போதாது, நஷ்டம் வரும் இடத்திலும் விடாமல் நிற்க வேண்டும்.

அப்படியானால் திருவிருந்துக்கு வருகிறவர்கள் மெய்யான மனந்திரும்புதலை அறிக்கையிட வேண்டும் என்று அவர் கேட்கத் தொடங்கினார். அவருக்குமுன் அந்தச் சபையில் ஏறக்குறைய 60 ஆண்டு போதகராயிருந்த தாத்தா ஸ்டாடர்டு அந்த அறிக்கையைக் கேட்காமலே பந்தியைத் திறந்துவிட்டிருந்தார். 1750 ஜூன் 22 அன்று எட்வர்ட்ஸ் நீக்கப்பட்டார். வாக்களித்த ஆண் உறுப்பினர்களில் 200 பேருக்குமேல் எதிராக, 23 பேர் ஆதரவாக. எதிர்த்தவர்களில் அவருடைய எழுப்புதலில் மனந்திரும்பியவர்களும் உண்டு.

இதோடு நிறுத்தினால் எட்வர்ட்ஸ் ஒரு தியாகி. ஆனால் இன்னொரு காகிதம் இருக்கிறது. 1731-ல் நியூபோர்ட் துறைமுகத்தில், வீனஸ் என்ற ஏறக்குறைய 14 வயது ஆப்பிரிக்கச் சிறுமியை 80 பவுனுக்கு அவர் விலைக்கு வாங்கிய ரசீது. நடத்தையே தலையாய அடையாளம் என்று எழுதியவரின் வீட்டில், அந்தப் புத்தகம் எழுதப்படுவதற்கு 15 வருடம் முன்பே அடிமை இருந்தாள். தன் 12 அடையாளங்களை அவர் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. காலம் எதைப் பாவம் என்று எண்ணவில்லையோ அதை மனசாட்சியும் எண்ணுவதில்லை.

அமேசிங் கிரேஸ் பாட்டை எழுதிய ஜான் நியூட்டனின் கதையை மேடைகளில் சொல்லும்போது ஒரு துண்டை வெட்டிவிடுவார்கள். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார், திருந்தினார், அடிமை வியாபாரத்தை விட்டார் என்று முடிப்பார்கள். நடந்தது வேறு. புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் கேப்டனே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணம் போனார். கப்பலில் ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். கீழ்த்தட்டில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1752-ல், கலகத் திட்டம் இருப்பதாகச் சந்தேகித்து, அடிமைச் சிறுவர்களின் கட்டைவிரலை இடுக்கியில் வைத்துத் திருகி உண்மையைக் கறந்ததை அவருடைய கப்பல் நாட்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. தொழிலை விட்டதும் மனசாட்சியால் இல்லை, திடீரென்று வலிப்பு வந்து விழுந்ததால். அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் பிரசுரம் எழுதியது 1788-ல், புயலுக்கு 40 ஆண்டு கழித்து. ஆனால் நியூட்டனிடம் ஒரு நேர்மை இருந்தது. புயல் நாளைத் தன் வாழ்நாளெல்லாம் நன்றியோடு நினைத்தார். அதே சமயம், அன்றைக்கே தான் முழுப் பொருளில் விசுவாசி ஆகிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று 1764-ல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதினார். தேதியை வைத்துக்கொண்டு, தேதிமேல் சாயாமல் இருந்தவர்.

தமிழில் இந்தச் சிக்கலை அவிழ்க்க நமக்கு ஒரு வசதி உண்டு. விசுவாசம் என்ற சொல்லைக் கோயிலுக்கு வெளியே எப்படிப் பயன்படுத்துகிறோம்? உப்பிட்டவருக்கு விசுவாசமாக இருப்பது. நாயின் விசுவாசம். ஒரு கருத்தை ஒத்துக்கொள்வதை யாரும் விசுவாசம் என்று சொல்வதில்லை. உண்மையாய் நிற்பதைத்தான் சொல்கிறோம். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் பிஸ்டிஸ் என்ற சொல்லுக்கும் நம்புதல், உண்மையாயிருத்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு. பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் சொன்னால் புரிகிற பொருளை, கன்வென்ஷன் பந்தலில் பாதியாக்கிவிட்டோம். நிச்சயம் என்ற சொல்லும் அப்படித்தான். நம் வீடுகளில் நிச்சயம் பண்ணினால் தட்டு மாற்றுவோம், அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும்.

லூக்கா 19-ல் இரட்சிப்பு ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது என்று இயேசு வெளிப்படையாக அறிவிக்கிறார். அந்தப் பகுதியில் சகேயு பாவமன்னிப்பு ஜெபம் எதுவும் சொன்னதாக இல்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திருப்பி, என்று எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான். மரத்திலிருந்து அவனை இறங்கச் சொன்னது கிருபைதான், பணம் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பு வருவது கணக்குக்குப் பிறகு.

நம் மண்ணில் இந்தக் கணக்கு எந்த இடத்தில் கேட்கப்பட்டது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதியை முழுவதுமாக உடனே விட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு விலகினார்கள். விலகியவர்கள் பழைய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வழியில் வந்தவர்கள், வேதம் தெரிந்தவர்கள், பாடல் தெரிந்தவர்கள். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே போய், சாதியை விட்டதற்குச் சோதனை ஒன்றை வைத்தது. பறையர் சமைத்த உணவைச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். ஜெபம் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகளின் சொந்த மேசையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வியும் அப்போது எழவே செய்தது, நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவரின் யோக்கியதை குறைவு என்பதால் சோதனையின் கூர்மை குறைந்துவிடாது. சிலர் சாப்பிட்டார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் அந்தத் தீர்மானத்தில் சேரவில்லை, சாப்பிட மனமில்லாத பலருக்கு அது புகலிடமாயிற்று.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதை. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் சேர்வதுபோல, பீடத்தில் மட்டும் சேரும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடாரும் பிறரும். ஒரே குருவானவர், ஒரே பூசை. நடுவிலிருந்த மறிப்பை 1910-ஐ ஒட்டி அகற்றியபோது, வேளாளக் கிறிஸ்தவர்கள் அது தங்கள் உரிமை என்று வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

பழைய கதை என்று தள்ள முடியவில்லை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பங்குக் கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. வன்னியர் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டது, இருவர் இறந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் இரு தரப்பாரின் பெயர்களும் தேதியோடு இருக்கின்றன. போலீஸ் சுட்ட நாள் 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருந்தது.